கடைசிப் பக்கம் எங்கே போனது?

ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கும் அதிகமான வீடியோக்கள் தன் தளத்தில் ஏற்றப்படுகின்றன என்று யூடியூப் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்தது. நாள் கணக்கில் 7,20,000 மணி நேரம். ஒருவர் உண்ணாமல் உறங்காமல் உட்கார்ந்து பார்த்தாலும் அந்த ஒரு நாள் வரவை முடிக்க 82 ஆண்டுகள் ஆகும். இது உலகக் கணக்கு, நமக்கென்ன என்று தள்ளிவிடவும் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 200 தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், தமிழ்ப் படங்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார்க்க நினைப்பவருக்கே தினமும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வாரம் ஒரு புத்தகம் வீதம் ஐம்பது ஆண்டுகள் தளராமல் வாசிப்பவர் 2,600 புத்தகங்களை முடிப்பார். சென்னைப் புத்தகக் காட்சியின் ஒரே ஒரு வரிசையில் அதைவிட அதிகத் தலைப்புகள் அடுக்கியிருக்கும். எதையும் தவறவிடக் கூடாது என்ற எண்ணத்தைக் கணக்கே அடித்துவிடுகிறது. இருந்தும் அந்த எண்ணம் நம்மை விடுவதாக இல்லை. ஓடிடி தளங்களில் பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் நீள்கிறது. யூடியூபில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சேர்த்துவைத்தவை குவிகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவும் கைக்கெட்டும் காலத்தில் வாழ்கிற மனிதர்கள் நிறைவோடு இருந்திருக்க வேண்டும். பலரும் எதையோ பாக்கி வைத்துவிட்ட உணர்வோடுதான் இரவில் செல்போனைக் கீழே வைக்கிறார்கள்.

மிகுதி புதிய சங்கடம் அல்ல. கற்க வேண்டியதற்கு எல்லை கிடையாது, கற்பவரின் ஆயுளோ சிறியது என்பதை நாலடியார் கல்வி அதிகாரத்தில் நேரடியாகச் சொல்லி, தேர்ந்து கற்கும்படி அறிவுறுத்துகிறது. அச்சு இயந்திரம் ஐரோப்பாவில் பரவி நூறாண்டு ஆவதற்குள், ஜூரிக் நகரத்து அறிஞர் கோன்ராட் கெஸ்னர் 1545-ல் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மூன்று மொழி நூல்களுக்கும் ஒரு பெரும் பட்டியல் தொகுத்தார். புத்தகங்கள் பெருகிக் குழப்பம் உண்டாகிறது என்று அப்போதே அவர் வருந்தினார். நம் பக்கத்து வரலாறு நேர் எதிரானது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். சீவக சிந்தாமணியை அவர் 1887-ல் பதிப்பித்தபோது, அந்த நூலை முழுமையாகப் பார்த்திருந்த தமிழர்கள் மிகச் சிலர். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாக இன்று சங்க நூல்கள் அத்தனையும் காசில்லாமல் செல்போனுக்கு வந்துவிடுகின்றன. அரியது எளிதானதில் வருந்த ஒன்றுமில்லை. ஏடு கிடைக்காமல் ஒரு மரபே அழியும் நிலையில் இருந்த சமூகம், மிகுதியைக் குறை சொல்லும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆகவே ‘எல்லாம் அதிகமாகிவிட்டது, அதனால் கெட்டோம்’ என்ற புலம்பலோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடில்லை. நூலகத்தில் ஒரு லட்சம் புத்தகங்கள் இருப்பதால் யாருக்கும் மூச்சு முட்டியதில்லை. வேண்டியதை எடுத்து, படித்து, மூடி, வெளியே வந்தோம். அந்த ‘மூடி’ என்ற செயல்தான் இப்போது காணாமல் போயிருக்கிறது.

ஒரு பத்திரிகை ஆசிரியர் வாசகருக்காக இரண்டு முடிவுகளை எடுத்துவந்தார். எதைக் கொடுப்பது என்பது ஒன்று, எவ்வளவு கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் முடிவைப் பற்றி நாம் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம்: அவர் சார்பு என்ன, எதை மறைத்தார், யாருக்கு இடம் கொடுக்கவில்லை என்றெல்லாம். இரண்டாவது முடிவை யாரும் கவனித்ததே இல்லை, ஏனென்றால் காகிதமும் நேரமும் அதைத் தாமாகவே எடுத்துவிட்டன. 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்திக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருப்பதைத் தவிர வாசகருக்கு வழியில்லை. காத்திருந்தவர்கள் கதையைப் பேசினார்கள், ஊகித்தார்கள், பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த வெள்ளி வரை பாட்டு கிடையாது. அந்தப் பற்றாக்குறைக்கு ஏங்க வேண்டிய தேவையில்லை. அன்றைய தொலைக்காட்சியில் பார்க்கத் தகுந்தவை குறைவு, மாற்றுக் குரல்களுக்கு இடமும் குறைவு. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் நிழலில் நமக்குத் தெரியாமலே ஒரு வசதி இருந்தது: எப்போது எழுந்து போவது என்று நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வசதி படிப்படியாகக் கழற்றப்பட்டது. 1993-ல் சன் டிவி தொடங்கியபின் தனியார் சேனல்கள் வரிசையாக வந்து நாள் முழுவதையும் நிறைத்தன. 2006-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் அசா ரஸ்கின், பக்கத்தின் அடி வந்ததும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் முடிவில்லா ஸ்க்ரோல் முறையை உருவாக்கினார். அது மனிதர்களின் நேரத்தை என்ன செய்தது என்பதைக் கண்டு பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும் ஆட்டோபிளே வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி டேட்டா விலை சரிந்தது. அதுவரை ஒரு ஜிபியை மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தவர்கள் அதையே ஒரு நாளில் முடித்தார்கள். காசு போட்டிருந்த கடைசி வேலியும் அத்துடன் போயிற்று. எதைக் காட்டுவது என்ற ஆசிரியரின் முதல் வேலையை அல்காரிதம் எடுத்துக்கொண்டது. எவ்வளவு என்ற இரண்டாவது வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அவசியமும் இல்லை, விளம்பர வருமானம் நாம் அங்கே இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தன் நிறுவனத்தின் போட்டியாளர்களில் தூக்கமும் ஒன்று என்று முதலீட்டாளர்களிடம் பேசினார். தொழில் எந்தத் திசையில் போகிறது என்று அறிய அது போதும். இப்படியாக அந்த இரண்டாவது முடிவு, இதற்குமுன் எந்தத் தலைமுறையும் எடுத்துப் பழகாத முடிவு, இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்களோடு படுத்திருக்கும் ஒரு தனி மனிதரின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அவர் அதை ஏன் சரியாக எடுக்க முடிவதில்லை? தெரிவுகள் பெருகினால் மனிதர் திணறிப்போவார் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அமெரிக்கக் கடை ஒன்றில் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஜாம் சோதனையை அதற்குச் சான்று காட்டுவார்கள்: 24 வகை ஜாம் வைத்த மேஜையில் வாங்கியவர்கள் சொற்பம், 6 வகை வைத்த மேஜையில் வாங்கியவர்கள் பல மடங்கு. ஆனால் அதே போன்ற சோதனைகள் பலவற்றை 2010-ல் ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. தெரிவுகளின் எண்ணிக்கை மட்டும் நம்மை முடக்குவதில்லை. ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே இன்னும் ஆழமாகப் பார்த்தார். தகவல் பெருகும் இடத்தில் அது தின்னும் பொருளான கவனம் அரிதாகும் என்பது 1978-ல் பொருளியல் நோபல் பெற்ற அந்த அறிஞரின் வாதம். அரிதான பொருளைப் பறிக்கப் போட்டி நடக்கும். அந்தப் போட்டியின் கருவி, எப்போது நல்லது வரும் என்று தெரியாத நிலை. பரிசு ஒழுங்காகக் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைக்கும்போது உயிரினங்கள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். பத்து ரீல்ஸில் ஒன்பது வீண், பத்தாவது அருமை என்றால், அந்தப் பத்தாவதே அடுத்த பத்துக்குக் காரணமாகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளாக அளந்துவருகிறார். 2004-ல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மைய ஆண்டுகளில் 47 நொடி. மூளையின் திறன் தேய்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். அதே மனிதர் தியேட்டரில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இடத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப அவர் கவனம் கூடுகிறது, குறைகிறது.

இதிலிருந்து இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வரலாம். ஊடகப் பழக்கத்தைச் சீர்செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘எது’ என்ற கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்: நல்ல சேனல்களின் பட்டியல், பார்த்தே தீர வேண்டிய படங்களின் பட்டியல், புத்தகச் சுருக்கம் சொல்லும் பாட்காஸ்ட், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடும் வசதி. இவை எல்லாம் உள்ளே வருவதைக் கூட்டுகின்றனவே தவிர, நிறுத்தும் இடத்தைத் தருவதில்லை. வேகமாகக் கேட்பதால் புரிதல் கெடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது; பதிவு செய்த பாடங்களை இரு மடங்கு வேகத்தில் பார்த்த மாணவர்களும் ஏறக்குறைய அதே அளவு கற்றார்கள் என்று 2021-ல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆனால் அப்படி மிச்சமான அரை மணி நேரத்தை வரிசையில் நிற்கும் அடுத்த வீடியோ எடுத்துக்கொண்டால், மிச்சம் என்பதே இல்லை. ‘எவ்வளவு’ என்பதை முன்கூட்டியே, ஆசை எழாத வேளையில், நாமே தீர்மானித்துவிடுவதுதான் பயன் தருகிறது. இதற்கு உறுதியான சான்று உண்டு. ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ, லீனா சாங் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவில் சுமார் 2,000 ஆண்ட்ராய்டு பயனாளர்களிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒவ்வொரு செயலிக்கும் நாளைய வரம்பை இன்றே குறித்துக்கொள்ளும் வசதியைச் சிலருக்குக் கொடுத்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. அந்த வசதி கிடைத்தவர்களின் பயன்பாடு சுமார் 16 சதவீதம் குறைந்தது. சமூக ஊடகப் பயன்பாட்டில் 31 சதவீதம், மனிதர்கள் தாங்களே விரும்பாமல், கட்டுப்பாடு தவறிச் செலவிடுவது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்றைய நான் வேறு, நாளை இரவின் நான் வேறு என்பதை மனிதர்கள் அறிந்தே இருக்கிறார்கள். கேட்டால் நாளைய தன்னை இன்றே கட்டிப்போடச் சம்மதிக்கிறார்கள்.

இந்தியாவில் நடந்த ஒரு சோதனை இன்னும் நுட்பமானது, நம் வாட்ஸ்அப் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமானது. 2019-ல் வெளியான அந்த ஆய்வில் 237 இந்திய ஸ்மார்ட்போன் பயனாளர்களை இரண்டு வாரம் கவனித்தார்கள். சிலருக்கு நோட்டிஃபிகேஷன்கள் வழக்கம்போல வந்தன. சிலருக்கு மணிக்கொரு முறை மொத்தமாக, சிலருக்கு நாளைக்கு மூன்று முறை மட்டும், சிலருக்கு அறவே இல்லை. நாளைக்கு மூன்று முறை பெற்றவர்கள் அதிகக் கவனத்தோடும் நல்ல மனநிலையோடும், செல்போன் தம் கட்டுக்குள் இருக்கிறது என்ற உணர்வோடும் இருந்தார்கள். அறவே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த நன்மைகள் பெரிதாகக் கிடைக்கவில்லை. பதற்றமும் ஏதோ தவறிப்போகிறதே என்ற தவிப்பும்தான் கூடின. 237 பேர், இரண்டு வாரம் என்பது சிறிய ஆய்வுதான், அதன் மேல் மாளிகை கட்டக் கூடாது. என்றாலும் அது காட்டும் திசை முக்கியமானது. வார இறுதியில் செல்போனை அணைத்துப் பெட்டியில் பூட்டும் ‘டிஜிட்டல் விரதம்’ இப்போது நாகரிகமாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுப் பட்டினி, திங்கள் முதல் சனி வரை அளவில்லாத தீனி என்ற அந்த முறைக்கு இந்தச் சோதனை ஆதரவு தரவில்லை. தபால் வரும் நேரம்போலச் செய்திக்கும் ஒரு நேரம் இருக்கும்போதுதான் மனம் அடங்குகிறது. இப்போது வராது, மாலை ஐந்து மணிக்கு வரும் என்று தெரிந்துவிட்டால் எட்டிப் பார்க்கும் அவசியம் போய்விடுகிறது.

தடை போட்டால் தீராதா என்று கேட்பவர்களுக்கு நம் நாடே ஒரு பெரிய உதாரணம். 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பு சார்ந்தது, மக்களின் நேரத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் கோடிக்கணக்கானவர்களின் கையிலிருந்து ஒரு பழக்கம் ஒரே இரவில் பிடுங்கப்பட்டது என்பதால் இந்தக் கேள்விக்கு அது பொருந்தும். ஜூலை மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் சோதனை இந்தியாவில்தான் தொடங்கியது. காலியான இடம் மூன்று மாதம்கூடக் காலியாக இருக்கவில்லை. செயலி போனது, முடிவில்லாத வடிவம் அப்படியே இருந்தது. இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. வதந்திகளால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகு எடுத்த நடவடிக்கை அது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆன செய்திகளை ஒரே நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப அனுப்பலாம்தான். ஓர் எண்ணிக்கை மட்டும் குறுக்கே வந்தது. பெரும்பாலோர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தனி மனிதரும் தன் வீட்டுக்குள் இதே மாதிரியான எல்லைகளைக் கட்டிக்கொள்ள முடியும். மன உறுதியை மட்டும் நம்பி இறங்குவதைவிட அது எளிது.

எப்படிக் கட்டுவது என்பதில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. முடிவுள்ள வடிவங்களுக்கு முதலிடம் கொடுப்பது அடிப்படை. நாளிதழின் அன்றைய பதிப்பு முடியும், வார இதழ் முடியும், புத்தகம் முடியும், சினிமா முடியும், ஒரு கச்சேரிப் பதிவு முடியும். செய்தி அறிய நாளிதழையோ அதன் இ-பேப்பரையோ காலையில் ஒருமுறை படிப்பவர், அதே அரை மணி நேரத்தைச் செய்திச் செயலியில் கழிப்பவரைவிடக் குறைவாக ஒன்றும் அறிவதில்லை. படித்து முடித்தேன் என்று எழுந்து போக அவருக்கு ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவே. அடுத்தது, மனிதர்கள் அனுப்புவதையும் எந்திரங்கள் அனுப்புவதையும் பிரிப்பது. அம்மாவின் அழைப்பும், அலுவலகச் செய்தியும், வங்கியின் ஓடிபியும் உடனே வரட்டும். தள்ளுபடி விற்பனை, ‘நீங்கள் விரும்பக்கூடிய வீடியோ’, உங்களுக்குத் தெரியாத ஒருவர் போட்ட பதிவு ஆகியவற்றுக்கு மணி அடிக்கும் உரிமை கொடுக்கத் தேவையே இல்லை. ஆட்டோபிளேவை அணைப்பது செட்டிங்ஸில் ஒருமுறை செய்யும் வேலை. அதன்பின் ஒவ்வொரு எபிசோடின் முடிவும் உண்மையான முடிவாகிறது. சேமித்துவைத்த பட்டியல்களைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஓராண்டாகத் தொடாத பட்டியலை அழித்துவிடுவது இழப்பாகாது, அந்தப் படங்களும் கட்டுரைகளும் எங்கும் ஓடிவிடவில்லை. வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் படிக்காமல் நிற்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை நம்மைக் கூப்பிடுவதில்லை, கை நீட்டும் நாள்வரை காத்திருக்கின்றன. புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்குபவர்கள் அதற்காகக் குற்ற உணர்வு கொள்வது அநாவசியம்.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. உலகம் பற்றி எரியும்போது வேளைக்கு ஒருமுறை செய்தி படிப்பது பொறுப்பற்ற செயல் இல்லையா என்பது முதலாவது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, 1878 முதல் வந்துகொண்டிருக்கும் ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2-ம் தேதி அந்நகரில் அச்சாக முடியவில்லை. எந்தத் தெருவில் படகு வேண்டும், எங்கே சோறு கிடைக்கும் என்பதைத் தன்னார்வலர்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஒருங்கிணைத்தார்கள். உண்மை. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவிய மற்றவற்றையும் நினைவில் வைக்க வேண்டும்: முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி, நாசா பெயரில் வந்த போலி மழை எச்சரிக்கை. பேரிடரில் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு உதவியும் பீதியும் ஒரே குழாயில் வந்தன. பேரிடர் நாட்களுக்கு விதி வேறு என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. அதற்காகவே செல்போன் கோபுரங்கள் வழியே எல்லாருக்கும் ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறையை 2023-ல் நாடு முழுக்கச் சோதித்தார்கள். உயிர் போகும் செய்தி நம்மைத் தேடி வர வழி இருக்கிறது. மீதி 360 நாட்களையும் வெள்ளத்தின் அவசரத்தோடு வாழ வேண்டியதில்லை. அப்படி வாழ்வதன் விளைவு என்ன என்பதும் தெரிந்ததே. ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் பல நாடுகளில் நடத்தும் ஆய்வில், செய்தியைச் சில நேரமோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-ல் 29 சதவீதம். 2024-ல் 39 சதவீதம். தெவிட்டியவர்கள் அளவாகக் குறைத்துக்கொள்வதற்குப் பதிலாக முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். ஜனநாயகத்துக்கு அதுதான் பெரிய நஷ்டம். குறைத்தால் இழப்பே இல்லை என்றும் வாதிடவில்லை. 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை ஓரளவு தேறியது. அரசியல் பிரச்சினைகளில் இரு கட்சியினரின் கருத்துகளுக்கு இடையே இருந்த இடைவெளி குறைந்தது. அன்றாடச் செய்தி அறிவும் சற்றுக் குறைந்தது. நான்கு வாரம் முடிந்த பிறகும் அவர்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்பதைப் பார்த்தால், அந்த விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கிறது.

பொறியை வைத்தவர் நிறுவனம், மாட்டியவரைத் திருந்தச் சொல்வது என்ன நியாயம் என்பது அடுத்த வாதம். நியாயமில்லைதான். ஆட்டோபிளே தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும், முடிவில்லா ஸ்க்ரோலுக்கு நிறுத்தம் வைக்க வேண்டும், சிறுவர்களின் கணக்குகளுக்கு இரவில் நோட்டிஃபிகேஷன் போகக் கூடாது என்பவற்றை எல்லாம் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை 2014-லேயே தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்க வேண்டியிருந்தது. நம் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் சட்டம் வரும்வரை இன்றிரவு என்று ஒன்று இருக்கிறது. குடிநீர் வாரியத்திடம் சுத்தமான தண்ணீர் கேட்டுப் போராடுபவரும் அதுவரை காய்ச்சித்தான் குடிக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்வாதம் நேரத்தின் சொந்தக்காரர் யார் என்பதைப் பற்றியது. நிதானமாகப் பத்திரிகை படி, முழுப் படம் பார், புத்தகத்தை முடி என்று சொல்வதெல்லாம் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் கைவசம் உள்ளவருக்குத்தான் பொருந்தும். 2019-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்தப் பெண்களின் ஓய்வு, குக்கர் விசில் வருவதற்கும் பிள்ளையின் ஸ்கூல் வேன் வருவதற்கும் இடையில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. முப்பது நொடி ரீல்ஸ் அந்தத் துண்டுகளின் அளவுக்கே தைத்ததுபோல் இருக்கிறது. அவர்களைப் பார்த்து ‘கவனம் சிதறிவிட்டது’ என்று சொல்பவர்கள், சிதறியது முதலில் அவர்களின் நேரம் என்பதைக் காண மறுக்கிறார்கள். இரவில் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே கண்ணயரும் டெலிவரி ஊழியருக்கும் இது பொருந்தும். இந்த வாதத்தின் முன் இக்கட்டுரை தன் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஊடகப் பழக்கம் என்பது ஒரு வீட்டில் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதோடு பிணைந்தது. கணவன் தன் ஸ்கிரீன் டைமைக் குறைத்ததாகப் பெருமைப்படும் வீட்டில், மிச்சமான அந்த நேரம் சமையலறைப் பக்கம் வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். துண்டு நேரத்துக்கும் முடிவுள்ள வடிவங்கள் இருக்கின்றன: ஒரு சிறுகதையின் ஒலிவடிவம், பத்து நிமிட வானொலிச் செய்தி, ஒரே ஒரு பாட்டு. அவை ரீல்ஸ் அளவுக்கு எளிதில் கைக்கு வருவதில்லை என்பது வாசகரின் குறை அல்ல, அவற்றைத் தயாரிப்பவர்களின் குறை.

அதனால்தான் இந்தப் பிரச்சினையில் தமிழ் ஊடகங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகை 2014-ல் ‘எஸ்பிரஸோ’ என்று ஒரு செயலி தொடங்கியது. தினமும் காலையில் சில சிறு கட்டுரைகள், படித்தால் முடிந்துவிடும். நம் நாளிதழ்களின் செயலிகளோ பரபரப்புத் தலைப்புகளை நாள் முழுக்க அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கின்றன; அச்சில் அதே நாளிதழ் கட்டிக்காத்த ஒழுங்கு அங்கே இல்லை. காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு செய்திகள், அவற்றில் நான்கு சொந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை, ஒவ்வொன்றையும் படிக்கவும் காதால் கேட்கவும் வசதி, பன்னிரண்டாவதுக்குப் பிறகு எதுவும் இல்லை. இப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவரத் தேவையான ஆசிரியர் குழு எல்லாப் பெரிய தமிழ் நாளிதழ்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரத்தை மட்டும் நம்பினால் அது நடக்காது, பார்க்கும் நிமிடங்களை விற்பவர் வாசகரைச் சீக்கிரம் அனுப்பிவைக்க மாட்டார். சந்தாவை நம்பினால் நடக்கும். மூன்றரை ஆண்டுகள் ஒரு கதைக்காக வாரம்தோறும் காசு கொடுத்து இதழ் வாங்கிய வாசகர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஓடிடிக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். அவர்களிடம் மாதம் ஐம்பது ரூபாய் கேட்டு, தினமும் இருபது நிமிடத்தில் முடியும் ஒரு தமிழ்ப் பதிப்பை எந்த நிர்வாகம் முதலில் தரப்போகிறது?